இரண்டு விரல்

வெட்டுக்கிளி என்று அவளுக்குப் பெயர் வைத்தது யார் என்பதில் அந்தக் குடும்பத்தில் இன்றுவரை வழக்கு தீரவில்லை. நான்தான் என்பான் அண்ணன். அம்மா உயிரோடு இருந்தவரை, "பெத்தவ நான், பேரு மட்டும் இவன் வச்சானாம்" என்று அவனை மடக்கிவிடுவாள். யார் வைத்திருந்தாலும் ஆளைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். நாலு வயதில் ஜன்னல் கம்பியில் தலைகீழாகத் தொங்கியபடி வாய்ப்பாடு ஒப்பித்த பெண் அவள். வீட்டுக்கு வந்தவர்கள் பதறுவார்கள். "அது அப்படித்தான், நீங்க உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அம்மா டீ போடப் போய்விடுவாள்.

இப்போது நாற்பத்து மூன்று வயதாகிறது. தொங்குவது குறைந்திருக்கிறதே தவிர, இருப்புக் கொள்ளாத குணம் போகவில்லை. பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கிறாள். பேருந்தில் இடம் காலியாகக் கிடந்தாலும் உட்கார மாட்டாள். வங்கி வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்பவர் இரண்டு முறையாவது திரும்பிப் பார்ப்பார், பின்னால் யார் குதிக்கிறார்கள் என்று.

கல்லூரியில் இந்தக் குணத்துக்குப் பதக்கமே கொடுத்தார்கள். ஜிம்னாஸ்டிக்ஸில் பெண்களுக்கு நான்கு பிரிவுகள்; அவளுடையது கம்பி. தாழ்வாக ஒன்று, உயரமாக ஒன்று என்று எதிரெதிரே நிற்கும் இரண்டு கம்பிகள். ஏறினால் அரை நிமிடத்துக்கு மேல் வேலை இல்லை. அந்த அரை நிமிடத்தைப் பார்க்க மற்ற கல்லூரிப் பெண்கள் தங்கள் பயிற்சியை அப்படியே போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் மூன்று வருஷமும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூன்று வருஷமும் முதலிடம்.

அவளாக யாரிடமாவது சொல்லும்போது மட்டும், "ரெண்டு வருஷம் ஃபர்ஸ்ட்" என்பாள். விஷயம் தெரிந்தவர்கள், "மூணு இல்லையா?" என்று கேட்டால், "ஆமா, மூணு" என்று பேச்சை மாற்றிவிடுவாள். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்கத்துக்கும் அவளுக்கும் காத தூரம். காரணம் வேறு. அதைச் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்கிறேன்.

கல்லூரி முடிந்த மறுநாள் என்ன செய்வது என்று மட்டும் யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை கிடைத்தது. எட்டு மணி நேரம் நாற்காலியில். மேஜைக்கு அடியில் அவள் கால் ஆடிய ஆட்டத்தில் பக்கத்து மேஜை அக்காவின் டீ தினமும் சிந்தியது. "உன் காலைக் கழட்டி வச்சுட்டு வேலை பாரேன்" என்று அந்த அக்கா கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். கோப்புகள் அடுக்கிய அறையில்தான் அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஒருநாள் மேலாளர் அங்கே வந்தபோது இரண்டு அலமாரிகளுக்கு நடுவில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, கைகளை ஊன்றித் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள். அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்னால், "கீழ்த் தட்டுல ஒரு ஃபைல் தேடுறேன் சார்" என்றாள், இறங்காமலே. எட்டு மாதத்தில் அந்த வேலைக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

கட்டிக்கொண்ட மனிதரோ கடிகாரம் பழுது பார்ப்பவர். காலையில் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார் என்றால் மதியம்தான் நிமிர்வார். அவள் கைக்கடிகாரம் மாதம் ஒரு முறை உடையும், மாதம் ஒரு முறை கடைக்குப் போவாள், அப்படித்தான் பழக்கம். "இது கடிகாரத்துக் கோளாறு இல்லைங்க, கைக் கோளாறு" என்றார் அவர் நான்காவது மாதம். ஆறாவது மாதம் கல்யாணம். அசையாத மனிதரும் அடங்காத பெண்ணும் எப்படித்தான் குடித்தனம் செய்யப் போகிறார்களோ என்று இரண்டு வீட்டிலும் கவலைப்பட்டார்கள். அவள் வீடு முழுக்கச் சுற்றுவாள், அவர் சுற்றுவதற்கு வழிவிட்டு உட்கார்ந்திருப்பார். குடித்தனம் நன்றாகவே நடந்தது.

பயிற்சியாளர் வேலை கிடைத்தது அதற்குப் பிறகு. நகராட்சியின் விளையாட்டுக் கூடம். தகரக் கூரை, எட்டாத உயரத்தில் ஜன்னல்கள். உள்ளே நுழைந்ததும் வியர்வையும் ரப்பரும், கைக்குப் பூசும் வெள்ளைப் பொடியும் கலந்த ஒரு வாசனை. இரண்டு ஜோடிக் கம்பிகள். ஒரு ஜோடிக்குக் கீழே தரையில் மெத்தை விரித்திருக்கும். இன்னொன்றுக்குக் கீழே பெரிய பள்ளம் வெட்டி, அது நிறைய ரப்பர் நுரைத் துண்டுகளைக் கொட்டி வைத்திருப்பார்கள், புது வித்தை பழகுகிறவர்கள் விழுந்தால் அடிபடாமல் இருக்க. கதவுக்கு வெளியே செருப்புகளை வரிசையாக விட வேண்டும். மெத்தை மேல் செருப்பு பட்டால் அவள் போடும் சத்தத்தில் தகரம் அதிரும்.

பதினெட்டு வருஷத்தில் அவளுக்கு ஒரு பெருமை சேர்ந்தது. கம்பிக்கு அருகில் நின்று, பிள்ளைகள் சுழன்று வரும்போது இடுப்பிலோ முதுகிலோ கை கொடுத்துத் தாங்குவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. "என் கையைத் தாண்டி ஒரு குழந்தை கீழ விழுந்ததில்ல" என்று பெற்றவர்களிடம் சொல்வாள், தட்டிச் சொல்லிக்கொள்ள மேஜை இல்லையென்றால் தன் தொடையிலேயே தட்டிக்கொண்டு. உண்மைதான். கண் பார்த்து மூளை யோசித்துப் போகிற கை இல்லை அது, அதுபாட்டுக்குப் போகும். நுரைப் பள்ளத்துக்கு மேலே பழகும்போதுகூட ஒரு பெட்டியைப் போட்டு அதன்மேல் ஏறி நின்றுகொள்வாள்.

"பள்ளத்துல விழுந்தா என்ன ஆகும், மிஸ்? நுரைதானே?" என்று பிள்ளைகள் கேட்டால், "விழறதுக்கா இங்க வர்றீங்க?" என்பாள். எவ்வளவு பெரிய தப்பு அது என்று அவளுக்கு அப்போது தெரியாது. கூடத்தில் வேறு யாருக்கும் தெரியாது. பெருமையாகத்தான் பார்த்தார்கள்.

அந்தக் கைக்குக் கீழே வளர்ந்தவர்களில் ஒருத்தி அண்ணன் மகள். வீட்டில் அவளை எல்லோரும் வாலு என்பார்கள், அத்தையின் நகல் என்பதால். பதினேழு வயது. அண்ணன் பேருந்து ஓட்டுநர். ஏறி இறங்குகிற பயணியிடமெல்லாம் மகளின் சாகசத்தைச் சொல்லியே வண்டி ஓட்டுகிறவன். அந்த வருஷத்து மண்டலப் போட்டியில் கம்பியில் முதலிடம் வருகிற பெண்ணுக்கு நல்ல கல்லூரி ஒன்றில் இடம். படிப்பு, விடுதி, பயிற்சி எல்லாம் கல்லூரியே பார்த்துக்கொள்ளும். ஓட்டுநர் சம்பளத்தில் எட்டிப் பார்க்கவும் முடியாத கல்லூரி. வாலுவுக்கு அதைத் தவிர வேறு பேச்சே இல்லை.

முதலிடம் வேண்டும் என்றால் விட்டுப்பிடி வேண்டும். கூடத்தில் அந்த வித்தைக்கு அதுதான் பெயர். மேல் கம்பியில் முழுச் சுற்று சுற்றி வந்து, சரியான கணத்தில் கம்பியை விட்டுவிட வேண்டும். உடம்பு பின்பக்கமாகவே பறந்து, கால்களை அகல விரித்துக் கம்பியைத் தாண்டி அந்தப் பக்கம் வரும். வந்ததும் அதே கம்பியைப் பிடிக்க வேண்டும். விடுவதற்கும் பிடிப்பதற்கும் நடுவில் ஒரு முழு நொடிகூடக் கிடையாது. போட்டியில் பயிற்சியாளர் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கலாம், ஆபத்துக்கு. ஆனால் கை பட்டால் ஒரு புள்ளி போய்விடும். ஒரு புள்ளி என்பது முதலிடத்தில் இருப்பவளை மூன்றாமிடத்துக்குத் தள்ளப் போதும்.

மண்டலப் போட்டியன்று வாலு விட்டுப்பிடியை எடுத்தாள். விட்டாள், பறந்தாள், பிடித்தாள், இறங்கினாள். கால் அசையாமல் நின்றாள். கூடமே எழுந்து கைதட்டியது. இரண்டு நடுவர்களும் ஒரே மேஜையில், ஒரே பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். வெட்டுக்கிளி அவர்களுக்குக் குறுக்கே நின்றிருந்தாள். அவள் முதுகைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அவள் கையைப் பார்க்கவில்லை.

கை போயிருந்தது. வாலு கம்பிக்கு மேலே இருந்த அந்தக் கணத்தில், நடுவிரலும் மோதிர விரலும் அவள் இடுப்புக்குக் கீழே பட்டன. தள்ளியதா, தொட்டதா, உரசியதா? வெட்டுக்கிளிக்கே தெரியவில்லை. பட்டது என்பது மட்டும் விரல் நுனியில் சுடச்சுட இருந்தது.

மூச்சு வாங்க ஓடிவந்த வாலு முதலில் கேட்டது, "அத்தை, உங்க கை பட்டுச்சா?"

"இல்லடி."

"சத்தியமா? நானேவா பிடிச்சேன்?"

"நீயேதான்."

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. கை எப்படித் தானாகப் போனதோ அப்படி வாயும் போய்விட்டது. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் முதலிடம் என்று அறிவித்துவிட்டார்கள். அண்ணன் சீருடையோடு ஓடிவந்து தங்கையைத் தூக்கிச் சுற்றினான். இரண்டாமிடம் வந்த பெண் சுவரோரம் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அந்த மூன்றாவது வருஷத்துக் கதையைச் சொல்லிவிடலாம். கல்லூரியில் கடைசி வருஷப் போட்டியில் அவள் இதே விட்டுப்பிடியைத்தான் எடுத்தாள். பிடித்தாள். முதலிடம். ஆனால் காற்றில் இருந்தபோது தன்மேல் ஏதோ பட்டது போல இருந்தது. காற்றா, துணியா, பக்கத்தில் நின்ற பயிற்சியாளரின் கையா, தெரியவில்லை. பறக்கும் உடம்புக்கு அது விளங்காது. இறங்கியதும், "சார், கை பட்டுச்சா?" என்று கேட்டாள். "கம்பியப் பிடிச்சது உன் கை, என்னைக் கேக்குற?" என்று சிரித்தார். அதற்குமேல் அவரிடம் ஒரு சொல் வாங்க முடியவில்லை. அடுத்த வருஷம் அவர் வேறு எங்கோ வேலைக்குப் போனார், பிறகு தகவலே இல்லை. இருபத்திரண்டு வருஷமாக அவள் அந்தக் கணத்தை உடம்பில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். பட்டதா, படவில்லையா? பட்டது என்றால் தொலைகிறது என்று விட்டிருப்பாள். படவில்லை என்றால் நிம்மதியாக இருந்திருப்பாள். இரண்டும் இல்லாமல் நடுவில் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார் மனிதர்.

அதையே இப்போது தன் கையால் அண்ணன் மகளுக்குச் செய்திருக்கிறாள். தெரிந்தே.

அதோடு போகவில்லை விஷயம். கல்லூரி திறக்க மூன்று வாரம் இருந்தது. முதல் நாளே கம்பியில் ஏற்றி, தெரிந்ததைச் செய்து காட்டச் சொல்வார்கள். வாலு செய்து காட்டுவாள். நானே பிடித்தேன் என்ற நம்பிக்கையில், யார் கையும் இல்லாத இடத்தில் விடுவாள். பிடித்தால் சரி. பிடிக்காவிட்டால், எட்டடி உயரத்திலிருந்து கழுத்து முதலில் வரும். அந்த இரண்டு விரல் இல்லாமல் அவளால் முடியுமா என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. பழகிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அத்தையின் கை இல்லாமல் அவள் பறந்ததே இல்லை.

அந்த வாரம் வெட்டுக்கிளி வீட்டில் இருந்த இருப்பைப் பார்த்திருக்க வேண்டும். திரைச்சீலைகளைத் துவைத்தாள். காய்ந்ததும் அவற்றையே மறுபடி துவைத்தாள். மளிகைச் சாமான் வாங்கப் போய் நாலு தெரு சுற்றி வெறும் பையோடு திரும்பினாள். கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள், பிறகு சுவர்ப் பக்கம். கணவர் பொறுத்துப் பார்த்தார். கட்டில் மூன்றாவது முறை நகர்ந்தபோது, "நான் எங்க படுக்கணும்னு மட்டும் சொல்லிட்டு நகத்து" என்றார்.

அவள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் கேட்டார். கேட்டுவிட்டு, "அவகிட்ட சொன்னியா?" என்றார்.

"சொன்னா இடம் போயிடும்."

"சொல்லலைன்னா?"

அவள் எழுந்து சமையலறைக்குப் போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைக் கழுவினாள். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டு ஆறியிருப்பாள்.

அவளுக்கு ஒரு குறுக்கு வழி தோன்றியது. சொல்லவே வேண்டாம். இருக்கிற இரண்டு வாரத்தில், கை கொடுக்காமல், வாலுவை உண்மையாகவே பிடிக்க வைத்துவிட்டால் போயிற்று. பொய் தானாகவே மெய்யாகிவிடும். நல்ல யோசனை என்று அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை நுரைப் பள்ளத்துக்கு மேலிருந்த கம்பியில் வாலுவை ஏற்றினாள். பெட்டி மேல் நின்று இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். வாலு சுழன்றாள், விட்டாள். கை பைக்குள்ளிருந்து பாய்ந்து வந்து இடுப்பைத் தொட்டது.

அடுத்த முறை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். கட்டு அவிழ்ந்து கை போனது. அதற்கடுத்த முறை வெள்ளைப் பொடி டப்பாவை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். வாலு பறந்தபோது டப்பா தரையில் விழுந்து, கூடம் முழுக்கப் பொடி புகையாகக் கிளம்பியது. கை மறுபடி போயிருந்தது. பதினெட்டு வருஷம் எந்தக் கையை வைத்துப் பெருமை பேசினாளோ, அந்தக் கை இப்போது அவள் சொல் கேட்கவில்லை.

கம்பியிலிருந்து இறங்கிய வாலு, தலையெல்லாம் வெள்ளையாக நின்ற அத்தையைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அத்தை சிரிக்கவில்லை என்பதைப் பார்த்து நிறுத்தினாள்.

"என்ன அத்தை பண்றீங்க? நான்தான் தனியா பிடிச்சுக் காட்டிட்டேனே. அப்புறம் எதுக்குக் கை குடுக்குறீங்க?"

வெட்டுக்கிளி பெட்டியிலிருந்து இறங்கினாள். மென்று விழுங்கிப் பார்த்தாள். முடியவில்லை.

"அன்னைக்குக் கை பட்டுச்சுடி."

வாலு, கம்பி வழுக்காமல் இருக்கக் கையில் மாட்டியிருந்த தோல் பட்டையின் கொக்கியை அவிழ்த்தாள். மறுபடி மாட்டினாள்.

"எவ்ளோ?"

"ரெண்டு விரல்."

"எங்க?"

வெட்டுக்கிளி தன் இடுப்புக்குக் கீழே தொட்டுக் காட்டினாள்.

"அது இல்லைன்னா விழுந்திருப்பேனா?"

"தெரியாது."

"தெரியாதா? கை உங்களோடதுதானே?"

"நிஜமாவே தெரியாதும்மா. எனக்கும் ஒருத்தர் இப்படிப் பண்ணார். பண்ணாரா இல்லையான்னுகூடத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாச்சு. அந்த மூணாவது மெடலை நான் யாருக்கும் காட்டினதில்ல."

வாலு மெத்தையில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்தாள் அத்தை. அழவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அந்தக் கண்ணில் அவ்வளவு கோபம்.

"அது எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் எங்கிட்ட நீயேதான்னு சொன்னீங்க."

"ஆமா."

"உங்களுக்கு நான் விழக்கூடாது. அவ்ளோதான். நான் பிடிக்கணும்னு நீங்க நினைக்கவே இல்ல."

வெட்டுக்கிளிக்குச் செருப்பால் அடித்தது போல இருந்தது. அந்தப் பெண் சொன்னது சரி.

கைப் பொடியைத் தட்டிவிட்டு வாலு, "ரெண்டாவது வந்த பொண்ணு அழுததை நான் பாத்தேன்" என்றாள். பிறகு, "லெட்டர் நீங்க எழுதுறீங்களா, நான் எழுதட்டுமா?"

"உங்கப்பா..."

"நீங்களா, நானா?"

"நான் எழுதுறேன்."

மண்டலப் போட்டியை நடத்திய ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தின் செயலாளர் அறை விளையாட்டரங்கத்தின் படிக்கட்டுக்கு அடியில் இருந்தது. ஒரு பக்கம் சரிந்த கூரை. நிமிர்ந்தால் தலை இடிக்கும். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "மேடம், ஆட்சேபனைக்கு அரை மணி நேரம்தான். முடிவு சொல்லி ஒன்பது நாள் ஆயிடுச்சு" என்றார்.

"இது ஆட்சேபனை இல்ல சார். நான் பண்ணினது."

"நடுவர் ரெண்டு பேருமே பாக்கலை. நீங்க எதுக்கு..." அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எம்பிள்ளைக்குப் புள்ளி போடுங்கன்னு சண்டைக்கு வந்தவங்களப் பாத்திருக்கேன். குறைங்கன்னு வந்தது நீங்கதான். நல்லா யோசிச்சுட்டீங்களா?"

"யோசிச்சா எடுத்துட்டுப் போயிடுவேன் சார். வாங்கிக்கோங்க."

வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் பதில் வந்தது. ஒரு புள்ளி குறைப்பு, வாலு மூன்றாமிடம். கல்லூரி இடம் இரண்டாவதாக வந்த பெண்ணுக்கு. பயிற்சியாளர் ஓராண்டுக்குப் போட்டிக் களத்தில் நிற்கக்கூடாது.

அண்ணன் பணி முடிந்து நேராகக் கூடத்துக்கே வந்தான். கோபத்தில்கூடச் செருப்போடு உள்ளே வரவில்லை; வாசலில் நின்றபடியே கத்தினான். நடுவில் இருபதடி மெத்தை. சின்னப் பிள்ளைகள் உருண்டுகொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"நீ வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா எம்பொண்ணு காலேஜுல இருந்திருப்பா!"

"போயிருப்பாண்ணா. போன அன்னைக்கே விழுந்திருந்தா?"

"அப்ப அவகிட்ட மட்டும் சொல்லியிருக்க வேண்டியதுதானே? ஊருக்கே ஏன் தம்பட்டம் அடிச்ச?"

கடிதம் எழுதச் சொன்னது உன் மகள்தான் என்று சொல்லிவிட நாக்கு துடித்தது. சொல்லவில்லை. "எனக்கு மனசு கேக்கலண்ணா" என்றாள்.

"உன் மனசு கேக்குறதுக்கு எம்பொண்ணோட இடமா?"

அவன் போய்விட்டான். அதன்பின் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் போன் செய்தால் அண்ணிதான் எடுத்தாள், "குளிக்கிறார்" என்பாள். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான்.

வாலுவும் வரவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், எட்டு நாள். வெட்டுக்கிளி பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள், மெத்தை மடித்தாள், கம்பிகளைத் தரையோடு இழுத்துக் கட்டியிருக்கும் இழுவைக் கயிறுகளை இறுக்கினாள். இறுக்கிய கயிற்றை மறுபடி தளர்த்தி மறுபடி இறுக்கினாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பினாள். இந்தப் பெண் கம்பியையே விட்டுவிடுவாளோ என்ற பயம் அவளைத் தின்றது. இடம் போனது போகட்டும், அடுத்த வருஷமும் போட்டி வரும். கம்பியே வேண்டாம் என்று ஆகிவிட்டால் அந்தப் பாவத்தை எந்தக் கடிதம் எழுதித் தீர்ப்பது?

ஒன்பதாவது நாள் காலையில், கூடத்தைத் திறந்து விளக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தபோது வாலு வந்தாள். வணக்கம் இல்லை, பேச்சு இல்லை. நுரைப் பள்ளத்துக் கம்பிக்குப் போய், தோல் பட்டையை மாட்டி, பொடி பூசிக்கொண்டாள்.

வெட்டுக்கிளி பெட்டியை நகர்த்தப் போனாள்.

"அதைத் தொடாதீங்க."

"சரி. இங்கயே நிக்கிறேன். கையக் கட்டிக்கிறேன்."

"உங்க கைய நான் நம்ப மாட்டேன். வெளிய போங்க."

"தனியா விட்டுட்டு எப்படிடி..."

"கீழ நுரைதானே அத்தை. போங்க. கதவச் சாத்திடுங்க."

பதினெட்டு வருஷத்தில், ஒரு பிள்ளை கம்பியில் இருக்கும்போது அவள் கதவுக்கு வெளியே நின்றதில்லை. இரும்புக் கதவைச் சாத்தினாள். வெளியே ஒரு குழாய், ஓர் அறிவிப்புப் பலகை, ஒரு ஜோடிச் செருப்பு. கதவுக்கு அந்தப் பக்கம் கை தட்டும் ஓசை கேட்டது. அதிகப் பொடியைத் தட்டிவிடுகிறாள். பிறகு கம்பி முனகியது. ஒரு சுற்று. இழுவைக் கயிறு சடசடத்தது. இரண்டாவது சுற்று. கண்ணால் பார்க்காமலே அவளுக்கு எல்லாம் தெரிந்தது: இப்போது கீழே வருகிறாள், இப்போது மேலே போகிறாள், இப்போது விடுகிறாள்.

சத்தமே இல்லை. பிறகு பொத்தென்று நுரையில் விழும் ஓசை.

அவள் கை கதவின் பிடியில் இருந்தது. எப்போது போனதென்று தெரியவில்லை. எடுத்தாள்.

மறுபடி கை தட்டல், முனகல், சடசடப்பு, மௌனம். பொத். மறுபடி. பொத். எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டாள். நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள். குழாயைத் திறந்து மூடினாள். அறிவிப்புப் பலகையில் போன வருஷத்து அறிவிப்பை முழுதாகப் படித்தாள், ஒரு சொல் மண்டையில் ஏறவில்லை. ஒரு முறை விழுந்த பிறகு உள்ளே வெகு நேரம் எந்தச் சத்தமும் வரவில்லை. கதவை ஒரு விரற்கடை திறந்தாள்.

"வராதீங்க!" என்று உள்ளேயிருந்து கத்தல். "மூச்சு வாங்குறேன், அவ்ளோதான்!"

சாத்தினாள். நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டாள். இரும்பு குளிர்ச்சியாக இருந்தது. என் கை அங்கே இல்லை, அவள் விழுகிறாள், எழுந்துகொள்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இத்தனை வருஷமாக ஒரு பிள்ளைக்காவது இதைக் கொடுத்தோமா என்று நினைத்துப் பார்த்தாள்.

கம்பி முனகியது. ஒரு சுற்று. இரண்டு. கயிறு சடசடத்தது. மௌனம்.

பொத் என்று வரவில்லை. டங்கென்று ஓர் அடி. இழுவைக் கயிறுகள் நான்கும் ஒன்றாக உதறின. கம்பி மறுபடி முனகியது, கனத்தைத் தாங்கி, முன்னும் பின்னும், முன்னும் பின்னும்.

அவள் அதைப் பார்க்கவில்லை. நடுவில் ஓர் இரும்புக் கதவு இருந்தது. அவளுடைய பத்து விரலும் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தன. இதில் இனி யாருக்கும் எந்தக் காலத்திலும் சந்தேகம் வராது. கண்ணில் நீர் கொட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

உள்ளே, மூச்சிரைக்க, கம்பியில் தொங்கியபடியே வாலு கத்தினாள்.

"அத்தை! கேட்டுச்சா?"

"கேட்டுச்சுடி!"